கேட்க ஆள் இல்லாத வாக்கியம்

எழுதியவர் இல்லை. கேட்டுத் தெளிய வழியும் இல்லை. வாக்கியம் மட்டும் நம் முன்னால் இருக்கிறது. அதற்கு இரண்டு மூன்று பொருள் வருகிறது. இதுதான் பொருள் என்று சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? வேதாந்திகளுக்கு இது பழைய கேள்வி. திருவள்ளூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கம்பைலர் பாடமும், கணினிக்கு மனித மொழியைப் புரியவைக்கும் பாடமும் நடத்துகிற எனக்கு இது தினப்படி வேலை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்து ஓய்வுபெற்ற என் அப்பாவுக்கோ இது ஆள் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

மில்லில் ஷிப்ட் முடியும்போது லாக் புக்கில் எழுதிவைத்துவிட்டுப் போவார்கள். இரவு ஷிப்ட்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டு மூர்மார்க்கெட் ரயிலைப் பிடித்துவிட்டால், காலையில் வருகிறவர்களுக்கு அந்த எழுத்துதான் கதி. அப்பா வேலைக்குச் சேர்ந்த காலத்தில் யார் கையிலும் போன் கிடையாது. ரோல்களைக் குளிரவைக்கும் தண்ணீர் லைனைப் பற்றி ஒருவர் எழுதிவைத்திருந்த வரியை அப்பா அடிக்கடி சொல்வார்: நேற்று வந்த ஆள் சொன்ன வால்வை மூடவும்.

எழுதியவருக்கு இதில் சந்தேகமே இருந்திருக்காது. படித்த தமிழ் ஆட்களுக்கும் சந்தேகம் வரவில்லை. ஆளுக்கொரு பொருளைச் சட்டென்று எடுத்துக்கொண்டார்கள். சந்தேகம் கேட்டவர் பீகாரிலிருந்து வந்த ஒரு ஃபிட்டர். தமிழை வேலையிடத்திலேயே காதால் கற்றவர். வரியைப் படித்துக் காட்டியபோது, “நேத்து வந்தது ஆளா, வால்வா சார்?” என்று கேட்டாராம். அப்பா அவரை இன்றைக்கும் ‘மீமாம்சகன்’, அதாவது வேத வாக்கியத்தை ஆராய்ந்து பொருள் காண்பவன், என்றுதான் குறிப்பிடுவார். வீரராகவர் கோயில் பக்கம் நடக்கும் காலட்சேபங்களில் ஓரமாக உட்கார்ந்து வருஷக்கணக்காகக் கேட்டவர் அப்பா. அந்தப் பட்டத்தைச் சும்மா கொடுக்கவில்லை.

அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு வாக்கியத்தைப் பிரித்துப் பாருங்கள். நேற்று வந்தது ஆள்; அவர் எப்போதோ ஒரு வால்வைச் சொன்னார். இது ஒன்று. வந்திருந்த ஆள் ஒருவர், நேற்று அதைச் சொன்னார். இது இரண்டு. நேற்று ஸ்டோருக்கு வந்து இறங்கிய புது வால்வு, அதைத்தான் ஆள் சொன்னார். இது மூன்று. ‘நேற்று’ என்பதைக் கடைசியில் நிற்கும் ‘மூடவும்’ என்பதோடு சேர்க்கவும் இலக்கணத்தில் தடையில்லை. நேற்றைக்குப் போய் எதையும் மூட முடியாது என்பதால்தான் அதை ஒதுக்குகிறோம். அந்த விலக்கு சொற்களின் பொருளிலிருந்து வருகிறது, வாக்கியத்தின் அமைப்பிலிருந்து வரவில்லை. இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள். பின்னால் பெரிய இடத்தில் தேவைப்படும்.

ஒரு வாக்கியத்தில் எந்தச் சொல் எதனோடு சேர்கிறது என்று கண்டுபிடிப்பதைத்தான் எங்கள் துறையில் பார்சிங் என்கிறோம். சேர்க்கையைக் கிளை கிளையாக வரைந்தால் தலைகீழான ஒரு மரம் கிடைக்கும். ஒரு பொருளுக்கு ஒரு மரம். ஐந்து சொற்களை இரண்டிரண்டாகச் சேர்த்துக்கொண்டே போனால் 14 மரங்கள் வரும். ஆறு சொல்லுக்கு 42, எட்டுக்கு 429, பத்துக்கு 4,862. இருபது சொல்லுக்கு 176 கோடிக்கும் மேல். இருபது சொல் என்பது ஒரு சாதாரணப் பத்திரிகை வாக்கியம். கென்னத் சர்ச், ரமேஷ் பாட்டீல் இருவரும் 1982இல் எழுதிய ஒரு கட்டுரையில், ஆங்கில வாக்கியங்களில் பொருள் பெருகும் விதம் இந்த எண்வரிசையைத்தான் பின்பற்றுகிறது என்று காட்டினார்கள். இலக்கணம் இவற்றில் பெரும்பாலானவற்றைத் தள்ளிவிடும். தள்ளியது போக மிஞ்சுவதும் ஒன்றொன்றாக எழுதிப் பார்க்க முடியாத அளவுக்கு இருக்கும்.

ஆனால் கணினி ஒன்றொன்றாக எழுதுவதில்லை. 1960களில் ஜான் காக், டேனியல் யங்கர், டடாவோ கசாமி மூவரும் தனித்தனியே ஒரே வழியைக் கண்டார்கள். வாக்கியத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கட்டம் போட்டு ஓர் அட்டவணை வரைந்துகொள்வது. சின்னத் துண்டுக்குக் கண்ட விடையை அந்தக் கட்டத்தில் எழுதிவைத்து, பெரிய துண்டைப் பார்க்கும்போது அதையே எடுத்துக்கொள்வது. இருபது சொல்லுக்கு மொத்தம் 210 கட்டங்கள். துண்டுகளை எங்கே வெட்டிச் சேர்ப்பது என்று பார்க்க வேண்டிய இடங்கள் 1,330. அவ்வளவுதான். 176 கோடி மரமும் இந்த 210 கட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. சென்ட்ரலிலிருந்து பொன்னேரிக்குப் போகிறவரும் கும்மிடிப்பூண்டிக்குப் போகிறவரும் சூளூர்ப்பேட்டைக்குப் போகிறவரும் மீஞ்சூர் வரை ஒரே தண்டவாளத்தில்தான் போகிறார்கள். ஊருக்கு ஒரு தண்டவாளம் யாரும் போடுவதில்லை. அதே மாதிரி, பல பொருள்களுக்குப் பொதுவான துண்டு ஒரு முறைதான் கணக்கிடப்படுகிறது. சொற்கள் இரட்டித்தால் வேலை எட்டு மடங்காகும். பெரிதுதான், தாங்கக்கூடியது.

இதே காரியத்தை வேறு விதமாகச் செய்தவர் ஜே ஏர்லி. 1968இல் கார்னகி மெலனில் ஆய்வேடாக எழுதி, 1970இல் வெளியிட்டார். அவருடைய முறையில் ஒவ்வொரு இலக்கண விதிக்குள்ளும் ஒரு புள்ளி இருக்கும். புள்ளிக்கு இடப்பக்கம் இதுவரை வந்து சேர்ந்தவை. வலப்பக்கம் இன்னும் வர வேண்டியவை. சொல் ஒன்று வந்ததும், அதை எதிர்பார்த்துக் காத்திருந்த எல்லா விதிகளின் புள்ளியும் ஒரு படி நகரும். எந்த விதியையும் முன்கூட்டியே கைவிடுவதில்லை. நான் மாணவர்களுக்கு இதைக் கரும்பலகையில் நடத்தும் ஒவ்வொரு வருஷமும் எனக்கு ஒரு பக்தி வருகிறது. ஏர்லி பின்னாளில் கணினித்துறையை விட்டு மனநல சிகிச்சையாளர் ஆனார், ஒரே மனிதருக்குள் இருக்கும் பல குரல்களைக் கேட்கும் சிகிச்சை முறையில் புத்தகங்கள் எழுதினார் என்று அறிந்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை.

1985இல் மசாரு டொமிட்டா ‘இயற்கை மொழிக்குத் திறமான பார்சிங்’ என்ற பொருளில் ஒரு புத்தகமே எழுதினார். கிடைத்த மரங்களையெல்லாம் பொதுக் கிளைகளைப் பகிர்ந்துகொள்ளும் ஒரே காடாகக் கட்டிவைப்பது அவர் வழி. திறமான என்ற சொல்லைக் கேட்டதும் வேகமாக ஒரு முடிவுக்கு வருவது என்று என் மாணவர்கள் நினைக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் முதலில் நடத்துவது நிரல்மொழிகளின் இலக்கணம். அதில் இரண்டு பொருள் வந்தால் அது மொழியை வடிவமைத்தவரின் பிழை. எந்த ‘இல்லையென்றால்’ எந்த ‘என்றால்’ஓடு சேரும் என்று அவரே ஒரு விதி போட்டு மூடிவிடுவார். மனிதர் பேசும் மொழிக்கு அப்படி ஒரு அதிகாரி இல்லை. இங்கே திறமை என்பது ஒரே வேலையை இரண்டு முறை செய்யாமல் இருப்பது. அதனாலேயே எல்லாப் பொருளையும் கடைசிவரை உயிரோடு வைத்திருக்க முடிவது.

அப்பா சொன்ன மீமாம்சகர் பட்டத்துக்கு வருகிறேன். சொற்கூட்டம் எப்போது வாக்கியமாகிறது என்று நம் நாட்டுச் சாத்திரங்கள் மூன்று நிபந்தனை சொல்கின்றன. ஆகாங்க்ஷை: ஒரு சொல் இன்னொன்றை எதிர்பார்த்து நிற்பது. யோக்யதை: சேரும் இரண்டுக்கும் பொருளளவில் தகுதி இருப்பது. ஸந்நிதி: அவை அடுத்தடுத்து வருவது. ஏர்லியின் புள்ளிக்கு வலப்பக்கம் இருப்பது ஆகாங்க்ஷையே. நேற்றையும் மூடுவதையும் சேரவிடாமல் தடுத்தது யோக்யதை. இது வலிந்து காணும் ஒப்புமை இல்லை. வினீத் சைதன்யாவும் ராஜீவ் சங்கலும் ஐ.ஐ.டி. கான்பூரில் தொடங்கி, 1995இல் பாணினியின் பார்வையில் மொழிக்கணினியியல் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். வினைச்சொல் எந்தெந்தக் காரகங்களை, அதாவது செய்பவர், செய்யப்படுவது போன்ற பங்குகளை எதிர்பார்க்கிறது, எந்த வேற்றுமை உருபு அதை நிரப்பும் என்று பொருத்திப் பார்ப்பதுதான் அவர்களுடைய பார்சர். சொல்வரிசை மாறினாலும் அது தடுமாறாது. தமிழ், இந்தி போன்ற மொழிகளுக்கு ஏற்றது. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் அம்பா குல்கர்னி கட்டிய சம்ஸ்கிருத பார்சர் இந்த மூன்று நிபந்தனைகளையும் பெயர் சொல்லியே பயன்படுத்துகிறது.

மீமாம்சகருக்கு இந்த அக்கறை ஏன் வந்தது? அவர்கள் கொள்கைப்படி வேதத்துக்கு ஆசிரியர் கிடையாது. கடவுள்கூட எழுதவில்லை. ஆகவே ‘சொன்னவர் என்ன நினைத்தார்’ என்று கேட்கும் வழி அடியோடு அடைபட்டுப்போகிறது. ரயிலேறிப் போன சூப்பர்வைசரையாவது மறுநாள் கேட்டுக்கொள்ளலாம். இங்கே கேட்க ஆளே என்றைக்கும் இல்லை. யாகத்தில் எந்த மந்திரம் எந்தக் கிரியைக்கு, எந்தப் பொருள் எந்தத் தேவதைக்கு என்று வாக்கியத்தை வைத்தே தீர்மானிக்க வேண்டும். அதற்காக ஜைமினி ஆறு ஆதாரங்களை வரிசைப்படுத்தினார்: சுருதி, லிங்கம், வாக்கியம், பிரகரணம், ஸ்தானம், ஸமாக்யை. நேரடியாகச் சொல்லப்பட்டது, சொல்லின் பொருளாற்றல், சொற்கள் ஒரே வாக்கியமாகச் சேர்ந்திருப்பது, சந்தர்ப்பம், வரிசையில் இருக்கும் இடம், பெயர். மோதல் வந்தால் முந்தியது பிந்தியதை வெல்லும்; பிந்தியது பொருளைத் தொட இன்னும் சில படி நடக்க வேண்டியிருப்பதே காரணம். இந்திரனைப் புகழும் ஒரு மந்திரத்தைக் கார்ஹபத்திய அக்கினிக்குப் பயன்படுத்து என்று ஒரு விதி. மந்திரத்தின் சொற்கள் இந்திரனைக் காட்டுகின்றன. விதியின் வேற்றுமை உருபுகள் அக்கினியைக் காட்டுகின்றன. உருபுதான் வெல்லும், அக்கினிக்கே மந்திரம்.

இதில் எனக்குப் பிடித்தது தீர்ப்பைவிடத் தீர்ப்பின் முறை. தோற்ற பொருள் மறைக்கப்படவில்லை. பூர்வபட்சம் என்று முதலில் அதற்கு முழுப் பேச்சுரிமை கொடுத்து, அதன் வலிமை முழுதும் சொல்லி, பிறகு எந்த ஆதாரத்தால் எது தோற்றது என்று எழுதிவைத்தார்கள்.

நம் தமிழ் மரபில் இதற்கு நெருக்கமாக நடந்த ஒரு சம்பவம் உண்டு. அதன் நாயகர் எங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லாத ஸ்ரீபெரும்புதூரில் 1017இல் பிறந்தவர். ராமானுஜர் திருவாய்மொழிப் பொருளைத் திருமாலையாண்டானிடம் பாடம் கேட்டார். ஆண்டான் வைணவ ஆசாரியர் ஆளவந்தாரின் நேர்ச் சீடர். ராமானுஜரோ ஆளவந்தாரைக் காணப் போய்ச் சேரும் முன்பே அவர் மறைந்துவிட்டார். இரண்டாம் பத்தில் ஒரு பாசுரம் வந்தது. அறியாத காலத்தில் அன்பை ஊட்டிவிட்டு, பிறகு அறியாமை என்னும் மாயத்தில் வைத்துவிட்டாயே என்று ஆழ்வார் வருந்துவதாக ஆண்டான் பொருள் சொன்னார். ராமானுஜர் ஒப்பவில்லை. முன்னும் பின்னும் உள்ள பாசுரங்களெல்லாம் ஆனந்தத்தில் இருக்கின்றன; நடுவில் துக்கம் எப்படி வரும்? அடிகளை மாற்றிக் கூட்டி, மாயத்தில் கிடந்தவனுக்கும் அன்பை ஊட்டினாயே என்று நன்றியாகப் பொருள் கொண்டார். சொற்கள் அதே சொற்கள். சேர்க்கை மாறியது, அழுகை ஆனந்தமாயிற்று.

ஆளவந்தாரிடம் தாம் கேட்காத பொருள் இது, விசுவாமித்திரர் படைத்தது போன்ற புதுச் சிருஷ்டி என்று ஆண்டான் பாடத்தை நிறுத்திவிட்டார். திருக்கோட்டியூர் நம்பி வந்து, ஆளவந்தார் இந்தப் பொருளையும் அருளிச்செய்ததைத் தாம் கேட்டிருப்பதாகச் சொன்ன பிறகே பாடம் தொடர்ந்தது என்று குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. பின்பொரு சமயம், நேரில் பார்க்காத ஆளவந்தாரின் கருத்து உமக்கு எப்படித் தெரியும் என்ற கேள்விக்கு, தாம் அவருக்கு ஏகலைவன் என்றாராம் ராமானுஜர்.

அப்பா இந்த இடத்தில் கண்கலங்குவார். பக்தியின் உச்சம் இது என்பார். எனக்கு இதில் இன்னொன்றும் தெரிகிறது. ராமானுஜர் பாடத்தின் போது ‘எனக்குத் தோன்றுகிறது’ என்று நிறுத்திக்கொள்ளவில்லை. பதிகம் முழுதும் ஓடும் உணர்ச்சியை ஆதாரமாக வைத்தார். மீமாம்சகர் பிரகரணம் என்பது அதுவே. ஆண்டானும் பிடிவாதக்காரர் இல்லை. கேட்டதைக் கேட்டபடி காப்பாற்றுவது அவர் கடமை. இருவரையும் பின்வந்தவர்கள் கைவிடவில்லை. நம்பிள்ளையின் காலட்சேபத்தை வடக்குத் திருவீதிப்பிள்ளை ஏட்டில் எழுதிவைத்த ஈடு முப்பத்தாறாயிரப்படியைத் திறந்தால், முன்னோர் ஒவ்வொருவரும் கொண்ட நிர்வாகம், அதாவது பொருள்கொண்ட விதம், பெயரோடு வரிசையாக இருக்கும். இவர் இப்படிச் சேர்த்தார், அவர் அப்படிச் சேர்த்தார், காரணம் இது. டொமிட்டாவின் காடு எனக்குப் புரியாமல் இருந்த மாணவப் பருவத்தில், ஈட்டைப் பற்றி அப்பா சொல்லக் கேட்ட பிறகுதான் பிடிபட்டது.

அடிகளை மாற்றிக் கூட்டுவது ராமானுஜர் கண்டுபிடித்த வழியில்லை. தொல்காப்பியம் நான்கு பொருள்கோள் சொல்கிறது. பவணந்தியின் நன்னூல் எட்டாக்குகிறது. ஆற்றுநீர் போல நேரே ஓடுவதும், புற்றுக்குள் தலை நுழைத்த பாம்பு மடங்குவது போல் கடைசிச் சொல் மேலேறிச் சேர்வதும் அதில் உண்டு. கணினிக்காரியான என்னை நிரல்நிறை நிறுத்திவைத்துவிட்டது. மூன்று பெயர், பிறகு மூன்று வினை. முதல் பெயருக்கு முதல் வினை என்று போனால் முறை நிரல்நிறை. முதல் பெயருக்குக் கடைசி வினை என்று போனால் எதிர் நிரல்நிறை. கோடு போட்டு இணைத்துப் பாருங்கள். எதிர் நிரல்நிறையில் கோடுகள் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும். முறை நிரல்நிறையில் ஒன்றையொன்று வெட்டும். நான் மேலே சொன்ன அட்டவணை முறை, அடங்கும் கோடுகளுக்கு மட்டும் உதவும். வெட்டும் கோடுகள் அதன் இலக்கண வகைக்கு அப்பாற்பட்டவை. சுவிஸ் ஜெர்மன் மொழியில் இப்படி வெட்டிக்கொள்ளும் அமைப்பு இருப்பதை ஸ்டூவர்ட் ஷீபர் 1985இல் நிறுவியபோது மொழியியலில் அது பெரிய செய்தி. புணேயில் பிறந்து பென்சில்வேனியாவில் பணியாற்றிய அரவிந்த் ஜோஷி அமைத்த மர இலக்கணம் இத்தகைய அமைப்பைக் கையாளக்கூடியது. அவரும் விஜய்சங்கரும் காட்டிய பார்சிங் முறையில் சொற்கள் இரட்டித்தால் வேலை 64 மடங்காகும். கணினி செலுத்த வேண்டிய உழைப்பு கூடும் இடத்தைப் பவணந்தி முறை, எதிர் என்று பிரித்துப் பெயரிட்டுவிட்டார். பள்ளியில் இதை மனப்பாடச் சூத்திரமாக ஒப்பித்துத் தள்ளிவிடுகிறோம் என்பது எனக்குத் தாங்க முடியாத வருத்தம்.

இனி, பெரிய இடம். சாந்தோக்கிய உபநிஷத்தின் ஆறாம் அத்தியாயத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்கு ஒரே உபதேசத்தை ஒன்பது முறை சொல்கிறார். ‘தத் த்வம் அஸி’, நீ அதுவாக இருக்கிறாய் என்று ஜீவனையும் பிரம்மத்தையும் சேர்த்துச் சொல்லும் மகாவாக்கியம் அது. சங்கரர் அதில் முழு ஐக்கியம் கண்டார். முரண்படும் அடைமொழிகளை விட்டுவிட்டு மிஞ்சும் ஒன்றையே இரு சொல்லும் குறிக்கின்றன என்பது அத்வைதிகளின் வழி. ராமானுஜர், இரு சொல்லும் தத்தம் பொருளை விடாமலே ஒரு பொருளைக் குறிக்க முடியும், ஜீவனை உடலாகக் கொண்ட பிரம்மமே இரண்டாம் சொல்லின் பொருள் என்றார். மத்வரோ வாக்கியத்தையே வேறிடத்தில் பிரித்தார். முந்தைய சொல் ஆத்மா என்று நெடிலில் முடிகிறது. அடுத்த சொல்லுக்கு முன்னால் ஓர் அகரம் இருந்தாலும் அந்த நெடிலுக்குள் கரைந்துவிடும், காதுக்குத் தெரியாது. அந்த அகரம் உண்டு என்றால், நீ அது அல்ல என்று பொருள் நேரெதிராகிவிடும். அதே அத்தியாயத்தில் வரும் கயிற்றில் கட்டிய பறவை, கடலில் சேரும் நதி முதலிய ஒன்பது உவமைகளும் வேற்றுமையையே காட்டுகின்றன என்பது அவர் ஆதாரம்.

இந்த வாக்கியத்தை ஒரு நல்ல பார்சரிடம் கொடுத்தால் என்ன ஆகும்? சந்தி பிரிக்கும் இடத்தில் அது இரண்டு வழியையும் தரும். பாரிஸில் ஜெரார் ஹூவே உருவாக்கிய சம்ஸ்கிருத மென்பொருள், சாத்தியமான பிரிப்புகளை ஒரே திரையில் பகிர்ந்து காட்டி, தேர்வை வாசகரிடம் விடுகிறது. ஆக, மத்வர் ஒரு மரம்; சங்கரரும் ராமானுஜரும் இன்னொரு மரம். அங்கேயே பார்சரின் எல்லை வந்துவிடுகிறது. சங்கரரையும் ராமானுஜரையும் அதனால் பிரிக்க முடியாது. இருவருக்கும் சொற்களின் சேர்க்கை ஒன்றே. சேர்ந்த சொற்கள் தம் பொருளில் எதை விடுகின்றன, எதைக் காக்கின்றன என்பதில்தான் பிரிவு. இரண்டு மரத்தில் மூன்று வேதாந்தம். பல நூற்றாண்டுகளாக நடந்த வாதத்தில் எவ்வளவு இலக்கணம், எவ்வளவு தரிசனம் என்று அளந்து பார்க்க இதைவிடத் தெளிவான கோடு எனக்குக் கிடைக்கவில்லை.

கணினியிடம் கொடுத்தால் சாத்திரத்தின் உண்மைப் பொருளைச் சொல்லிவிடும் என்று நம்புகிறவர்களை இப்போது அதிகம் பார்க்கிறேன். அதே அளவுக்கு, எந்த வாக்கியத்துக்கும் எந்தப் பொருளும் சொல்லலாம், எல்லாம் அவரவர் பார்வை என்பவர்களையும் பார்க்கிறேன். இரண்டு தரப்பையும் நான் மறுக்கிறேன். அந்த லாக் புக் வரிக்கு மூன்று பொருள் வந்தது, முப்பது வரவில்லை. ‘வால்வு நேற்று ஆளை மூடியது’ என்று அதற்கு எந்தக் காலத்திலும் பொருள் வராது. இலக்கணம் உறுதியாக வேலி போடுகிறது. வேலிக்குள் மிஞ்சுகிறவற்றில் ஒன்றை எடுப்பது மனிதச் செயல், பொறுப்புள்ள செயல். வால்வைத் திருப்பப்போகும் கைக்கும், ஒரு பாசுரத்தை அழுகையாகவோ நன்றியாகவோ ஊருக்குச் சொல்லப்போகும் நாவுக்கும் அந்தப் பொறுப்பு ஒன்றே. எடுக்கிறவர் காரணத்தைச் சொல்ல வேண்டும். விட்டவை எவை என்பதையும் சொல்ல வேண்டும். அந்தப் பீகார் இளைஞர் கேட்ட பிறகு, வரியை எழுதியவர் திரும்பி வரும்வரை வால்வைத் தொடாமல் இருந்தார்கள். உற்பத்தி கொஞ்சம் தாமதமாயிற்று. அப்பா அதைச் சரி என்றார், நானும் சரி என்கிறேன்.

இன்றைய பெரிய மொழிக் கருவிகளிடம் ஒரு பாசுரத்தின் பொருள் கேட்டால் பெரும்பாலும் ஒரே விடையைத் தயங்காமல் சொல்கின்றன. விட்ட பொருள்களைக் கேட்டாலொழிய அவை வெளியே வருவதில்லை. வேகத்தில் குறையில்லை. பூர்வபட்சம் இல்லை என்பதே குறை. தமிழுக்கு இதை மாற்றும் வாய்ப்பு இன்னும் நம் கையில் இருக்கிறது, ஏனென்றால் நாம் இன்னும் ஆரம்பத்தில்தான் இருக்கிறோம். வாக்கியங்களை மரங்களோடு சேர்த்துவைக்கும், உலக மொழிகளுக்கான பொது மரவங்கியில் தமிழுக்கு, பிராகில் உருவான தொகுப்பில் 600 வாக்கியங்கள் இருக்கின்றன. யாழ்ப்பாணத்தையும் ஹைதராபாத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் செய்த இன்னொரு தொகுப்பில் 534. இவற்றில் ஒரு வாக்கியத்துக்கு ஒரு மரம்தான். அந்த வங்கியின் அமைப்பே அப்படி.

ஈடும், திருக்குறளுக்குப் பரிமேலழகர் முதலானோர் எழுதிய உரைகளும், தொல்காப்பியத்துக்குச் சேனாவரையர் போன்றோர் எழுதியவையும் நம்மிடம் இருக்கின்றன. ஒரே வாக்கியத்தை இருவர் மூவர் வேறு வேறாகச் சேர்த்து, காரணத்தோடு எழுதிவைத்த சொத்து அது. காஞ்சிபுரம் அண்ணங்கராசாரியர் திவ்யப் பிரபந்தத்துக்குச் செய்த பதவுரையில் சொற்சேர்க்கை வரிசையாகவே கிடைக்கிறது. உரை படித்தவர்கள் கணினி படித்தவர்களோடு உட்கார்ந்தால், ஒரு பாசுரத்துக்கு ஒவ்வொரு ஆசாரியர் கொண்ட நிர்வாகத்தையும் தனித்தனி மரமாகக் குறிக்கலாம். எந்த ஆதாரத்தால் எதை எடுத்தார் என்பதையும் பக்கத்தில் எழுதலாம். காலட்சேபம் கேட்டுப் பழகிய பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் சொல்லும் இரண்டாவது பொருளையும் மூன்றாவது பொருளையும் தவறாமல் எழுதி வாங்கிவையுங்கள். நான் அப்பாவோடு இரண்டாம் பத்திலிருந்து தொடங்கியிருக்கிறேன். பொறியியல் கல்லூரி மாணவர்கள், தமிழ்த்துறை மாணவர்கள் யாராயிருந்தாலும் ஆளுக்கு ஒரு பதிகம் எடுத்துக்கொள்ளுங்கள்.